பழைய ஜாய்ஸ்டிக், மவுஸ், கீபோர்டு: பிளக் மாற்றி இணைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1980களின் வீட்டுக் கணினிகளை வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை. ஒவ்வொரு கேள்வியும் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கிறது. பின் எண்கள் வரும் இடங்களில் மேலோட்டமாகப் படித்துவிட்டு சால்டரிங் அயர்னை எடுக்காதீர்கள்.

ஒன்பது பின் பிளக் கச்சிதமா உட்காருது. அப்படியே செருகிடலாம்தானே?

கூடாது. ஒன்பது பின் டி-வடிவ பிளக்கை அடாரி, கொமடோர், எம்எஸ்எக்ஸ், ஆம்ஸ்ட்ராட், சேகா, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ், ஆப்பிள் எல்லோருமே பயன்படுத்தினார்கள். உள்ளே ஒயர் போட்ட விதம் ஆளுக்கு ஆள் வேறு. பிளக்கின் வடிவத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. பார்க்க வேண்டியவை மூன்று: +5 வோல்ட் எந்தப் பின்னில் வருகிறது, கிரவுண்ட் எது, மற்ற லைன்களை யார் இயக்குகிறார்கள்.

ஓர் உதாரணம். ஆப்பிள் டூஇ-யின் பின்புற கேம் போர்ட்டில் பின் 2 என்பது +5 வோல்ட், பின் 3 கிரவுண்ட். அடாரி வகை ஜாய்ஸ்டிக்கில் அதே பின் 2 'கீழ்', பின் 3 'இடது'. அதைச் செருகிக் குச்சியைக் கீழ்-இடது மூலைக்குச் சாய்த்தால் இரண்டு சுவிட்சும் ஒன்றாக மூடி, கணினியின் மின்சாரம் நேராக ஷார்ட் ஆகும்.

இந்த பிளக் பேரு டிபி-9ஆ, டிஇ-9ஆ?

டிஇ-9. இரண்டாவது எழுத்து கூட்டின் அளவைக் குறிப்பது. 'பி' அளவு 25 பின் பிளக்குக்கு உரியது. கடையில் டிபி-9 என்று கேட்டாலும் இதையேதான் தருவார்கள். பிசி கேம் போர்ட்டின் 15 பின் பிளக்கு டிஏ-15.

'அடாரி வகை'ன்னா என்ன? பின் வரிசை சொல்லுங்க.

1977இல் வந்த அடாரி 2600 வைத்த வழக்கம் இது. பின் 1 மேல், 2 கீழ், 3 இடது, 4 வலது, 5 பேடில் (குமிழைத் திருகி ஆடும் கருவி), 6 ஃபயர் பட்டன், 7 +5 வோல்ட், 8 கிரவுண்ட், 9 இன்னொரு பேடில். ஜாய்ஸ்டிக்குக்குள் மூளை எதுவும் கிடையாது, ஐந்து சுவிட்சுகள் மட்டுமே. அமுக்கும்போது அந்தந்தப் பின் 8ஆம் பின்னோடு சேரும், அவ்வளவுதான்.

அடாரியின் 8-பிட் கணினிகள், கொமடோர் 64, அமிகா, அடாரி எஸ்டி ஆகியவை திசைகளுக்கும் முதல் பட்டனுக்கும் இதே வரிசையைத்தான் பின்பற்றுகின்றன. கீழே 'அடாரி வரிசை' என்று வரும் இடமெல்லாம் இதைக் குறிக்கும்.

பின் எண்ணை எந்தப் பக்கம் இருந்து எண்ணணும்? நான் ஒட்டினா எல்லாம் இடம் வலமா மாறி வருது.

கணினியில் உள்ள ஆண் போர்ட்டை முன்னிருந்து பாருங்கள். ஐந்து பின் வரிசை மேலே இருந்தால், மேல் இடது மூலை பின் 1. அங்கிருந்து வலப்பக்கம் 5 வரை. கீழ் வரிசை இடமிருந்து 6 முதல் 9 வரை. ஜாய்ஸ்டிக்கின் பெண் பிளக்கை முன்னிருந்து பார்த்தால் இது கண்ணாடிப் பிம்பம்: பின் 1 மேல் வலது மூலை.

குழப்பம் வருவது சால்டர் செய்யும் பின்பக்கத்தில். பெண் பிளக்கின் பின்பக்கம், ஆண் போர்ட்டின் முன்பக்கம் போலவே இருக்கும். ஆண் பிளக்கின் பின்பக்கத்தில் பின் 1 வலது மூலைக்குப் போய்விடும். பெரும்பாலான பிளக்குகளில் பிளாஸ்டிக்கிலேயே பொடி எழுத்தில் எண் அச்சிட்டிருக்கும். டார்ச் அடித்து அதைப் படித்துவிட்டால் மேலே சொன்ன எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை.

ஒயர் நிறத்தைப் பார்த்தே ஒட்டிடலாமா?

வேண்டாம். அடாரியின் சிஎக்ஸ்40 ஜாய்ஸ்டிக்கில் வெள்ளை மேல், நீலம் கீழ், பச்சை இடது, பழுப்பு வலது, ஆரஞ்சு ஃபயர், கறுப்பு கிரவுண்ட். மற்ற தயாரிப்பாளர்கள் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டார்கள். கறுப்பு ஒயர் 'மேல்' ஆக இருப்பதும் உண்டு.

மல்டிமீட்டரைக் கண்டினியூட்டி பீப்பில் வையுங்கள். ஒரு முனையைப் பின் 8இல் பிடித்து, ஒவ்வொரு திசையாக அமுக்கி, எந்தப் பின்னில் பீப் வருகிறது என்று தாளில் எழுதுங்கள். எந்தத் திசைக்குமே பீப் வரவில்லை என்றால் எல்லாச் சுவிட்சும் சேரும் பொதுப் பின் 8 அல்ல என்று பொருள். மற்றப் பின்களை ஒவ்வொன்றாகப் பொதுவாக வைத்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை இது.

பழைய சீரியல் கேபிளை எக்ஸ்டென்ஷனா போடலாமா?

ஒரு முனை ஆண், மறு முனை பெண், ஒன்பது ஒயரும் நேராகப் போவது என்றால் போடலாம். இரண்டு விஷயம் காலை வாரும். 'நல் மோடம்' கேபிளில் (இரண்டு கணினிகளை நேராக இணைப்பது) 2ம் 3ம் குறுக்கே மாறியிருக்கும்: கீழ் அமுக்கினால் இடது போகும். மலிவான ஜாய்ஸ்டிக் எக்ஸ்டென்ஷன்களில் ஆறு ஏழு ஒயர்தான் இருக்கும். 5, 7, 9 வெறுமனே நிற்கும். இரண்டையும் முன் பதிலில் சொன்ன பீப் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு தொல்லை, சீரியல் பிளக்கின் இரு பக்கத் திருகுகள். ஜாய்ஸ்டிக் போர்ட்டில் அவற்றுக்கு இடமில்லை, பிளக் முழுதாக உட்காராது. திருகுகளைக் கழற்றிவிடுங்கள். உறை அகலமாக இருந்து கணினியின் பள்ளத்தில் நுழையவில்லை என்றால் ஓரங்களை அரம் கொண்டு தேய்க்க வேண்டும்.

அடாப்டர் செய்ய என்னென்ன சாமான் வேணும்?

ஓர் ஆண் டிஇ-9, ஒரு பெண் டிஇ-9 (இரண்டும் சால்டர் குழி உள்ளவை), இரண்டு உறை, 26 முதல் 28 கேஜ் வரையிலான பல இழை ஒயர் 20 செ.மீ. அளவில் ஒன்பது, 2 மி.மீ. ஹீட் ஷ்ரிங்க் குழாய், மெல்லிய ஈயக் கம்பி. சாதனம் செருகும் பக்கம் ஆண், கணினிப் பக்கம் பெண்.

அயர்ன் 320 முதல் 350 டிகிரி. ஒயரை 3 மி.மீ. மட்டும் உரித்து முதலில் அதற்கு ஈயம் பூசுங்கள். குழிக்குள்ளும் சிறிது ஈயம் நிரப்பி, சூடாக்கியபடியே ஒயரை உள்ளே இறக்குங்கள். ஒரு பின்னில் மூன்று நொடிக்கு மேல் நின்றால் பிளாஸ்டிக் இளகிப் பின் சாய்ந்துவிடும். சாயாமல் இருக்க, வேலை செய்யும்போது எதிர் வகைப் பிளக் ஒன்றைச் செருகி வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சால்டர் செய்யும் முன்பே ஒயரில் கோத்துவிடுங்கள். இதை மறக்காதவர் யாருமில்லை.

முடித்ததும் கணினியில் செருகுமுன் 7க்கும் 8க்கும் இடையே பீப் பாருங்கள். பீப் வந்தால் ஷார்ட். ஜாய்ஸ்டிக்கை இணைத்து, ஒவ்வொரு பட்டனையும் அமுக்கியபடி இதையே மறுபடி பாருங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

எம்எஸ்எக்ஸ் ஜாய்ஸ்டிக்கை கொமடோர் 64ல போட்டா இரண்டாவது பட்டன் அமுக்கும்போது திரை அணைஞ்சு போகுது. ஏன்?

உடனே கழற்றுங்கள். எம்எஸ்எக்ஸ் வரிசையில் 1 முதல் 4 வரை அதே திசைகள்தான். ஆனால் 5 என்பது +5 வோல்ட், 6 முதல் பட்டன், 7 இரண்டாவது பட்டன், 8 கணினி கொடுக்கும் சிக்னல், 9 கிரவுண்ட். சுவிட்சுகள் எல்லாம் 8ஆம் பின்னோடு சேர்கின்றன. இரண்டாவது பட்டனை அமுக்கினால் 7ம் 8ம் சேரும். கொமடோரில் 7 என்பது +5 வோல்ட், 8 கிரவுண்ட். ஒவ்வொரு அமுக்கலும் நேரடி ஷார்ட். அந்த லைனில் 50 மில்லியாம்ப் வரைதான் எடுக்கலாம் என்பது கொமடோர் கொடுத்த வரம்பு.

தீர்வு: அடாப்டரில் பின் 7 ஒயரைப் போடாமல் விடுங்கள். அந்தப் பட்டன் வேலை செய்யாது, கணினி பிழைக்கும். தலைகீழாக, அடாரி ஜாய்ஸ்டிக்கை எம்எஸ்எக்ஸில் நேராகச் செருகுவதில் ஆபத்தில்லை. ஒரு பட்டனோடு வேலை செய்யும்.

ஸ்பெக்ட்ரம் பிளஸ் 2ல அடாரி ஜாய்ஸ்டிக் திசை எதுக்குமே அசையலை. போர்ட் போச்சா?

போர்ட் நன்றாகத்தான் இருக்கும். பிளஸ் 2, பிளஸ் 3 இரண்டிலும் வரிசையை வேண்டுமென்றே குலைத்தது போல் வைத்திருக்கிறார்கள்: 4 ஃபயர், 5 மேல், 6 வலது, 7 இடது, 9 கீழ், 2ம் 8ம் பொது. அடாப்டரில் ஜாய்ஸ்டிக்கின் 1ஐ கணினியின் 5க்கும், 2ஐ 9க்கும், 3ஐ 7க்கும், 4ஐ 6க்கும், 6ஐ 4க்கும், 8ஐ 8க்கும் இணையுங்கள். ஆறே ஒயர். பழைய ஸ்பெக்ட்ரமில் கெம்ப்ஸ்டன் இன்டர்ஃபேஸ் போட்டிருந்தால் இது தேவையில்லை, அது அடாரி வரிசையே.

ஆம்ஸ்ட்ராட் சிபிசில ஒரே போர்ட். இரண்டு ஜாய்ஸ்டிக் போட முடியுமா?

முடியும். திசை, பட்டன் ஒயர்களை இரண்டு ஜாய்ஸ்டிக்குக்கும் இணையாகக் கொடுங்கள். முதல் ஜாய்ஸ்டிக்கின் பொது ஒயர் பின் 8க்கும், இரண்டாவதன் பொது ஒயர் பின் 9க்கும் போக வேண்டும். இங்கே பின் 6, பின் 7 இரண்டுமே பட்டன்கள். அதனால் எம்எஸ்எக்ஸின் இரண்டு பட்டன் ஜாய்ஸ்டிக் சிபிசியில் நேராகவே ஓடும்.

இருவர் ஆடும்போது ஒருவர் அமுக்கியது மற்றவருக்குத் தெரிந்தால், அது மேட்ரிக்ஸ் பேய். முதல் ஆள் மேல், இடது இரண்டையும் சேர்த்து அமுக்கினால் அந்த இரண்டு லைனும் அவருடைய ஜாய்ஸ்டிக் வழியாக ஒட்டிக்கொள்கின்றன. இரண்டாவது ஆள் மேல் மட்டும் அமுக்கினாலும் இடதும் சேர்ந்து தெரியும். ஒவ்வொரு சுவிட்ச் ஒயரிலும் ஒரு டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) போட்டால் தீரும். டெக்சாஸ் டிஐ-99/4ஏ-விலும் இதே ஏற்பாடுதான், பின்கள் மட்டும் வேறு: 3 மேல், 4 ஃபயர், 5 இடது, 8 கீழ், 9 வலது, பொது ஒயர் முதல் ஜாய்ஸ்டிக்குக்கு 7, இரண்டாவதற்கு 2.

மெகா டிரைவ் பேடு கொமடோர் 64ல நல்லாத்தான் வேலை செய்யுது. பிறகு ஏன் ஆபத்துன்னு பயமுறுத்துறாங்க?

வேலை செய்வது போலத் தெரிவதுதான் சிக்கல். சேகாவின் மெகா டிரைவ் பேடுக்குள் 74எச்சி157 என்ற சிப் இருக்கிறது. அதற்கு மின்சாரம் பின் 5 வழியாகவும், எந்தப் பட்டன் தொகுதியைக் காட்டுவது என்ற தேர்வு சிக்னல் பின் 7 வழியாகவும் வர வேண்டும். கொமடோரில் +5 வோல்ட் இருப்பது 7இல். 5இல் மின்சாரம் இல்லை. சிப் மற்ற லைன்களிலிருந்து கசியும் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டு அரைகுறையாக ஓடுகிறது.

அதைவிடப் பெரிய கோளாறு இன்னொன்று. சாதாரண ஜாய்ஸ்டிக் ஒரு லைனைக் கிரவுண்டுக்கு இழுக்கும், அல்லது விட்டுவிடும். இந்தச் சிப்போ பட்டன் அமுக்காதபோது லைனை வலுக்கட்டாயமாக 5 வோல்ட்டுக்குத் தள்ளும். அதே லைன்களில்தான் கொமடோரின் கீபோர்டும் இருக்கிறது. கீபோர்டைப் படிக்கக் கணினி ஒரு லைனைக் கீழே இழுக்கும்போது பேடு மேலே தள்ளினால், அடிவாங்குவது அந்த லைன்களைப் படிக்கும் 6526 சிஐஏ சிப். அது இப்போது புதிதாகத் தயாராவதில்லை.

பாதுகாப்பான அடாப்டர் இது. கணினியின் 7ஐ பேடின் 5, 7 இரண்டுக்கும் கொடுங்கள். 8ஐ 8க்கு. 1, 2, 3, 4, 6 ஒவ்வொன்றிலும் ஒரு டையோடு, கோடு போட்ட முனை பேடு பக்கம். இனி பேடால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. 1என்4148 பெரும்பாலும் போதும். பிஏடி85 போன்ற ஷாட்கி டையோடில் வோல்டேஜ் இழப்பு குறைவு என்பதால் அதுவே மேல். பி பட்டன் ஃபயர் ஆகும். மாஸ்டர் சிஸ்டம் பேடில் இந்தத் தொல்லை இல்லை, அதில் வெறும் சுவிட்சுகள்தான்.

இரண்டாவது பட்டன் அமிகால வேலை செய்யுது, 64ல செய்யலை. அடாப்டர் தப்பா?

அடாப்டரில் தப்பில்லை, இரண்டு கணினியும் அதை எதிர்மாறாகப் படிக்கின்றன. அமிகாவில் பின் 9ஐக் கிரவுண்டுக்கு இழுத்தால் இரண்டாவது பட்டன். மாஸ்டர் சிஸ்டம் பேடு இப்படியே நேராக ஓடும். மெகா டிரைவின் சி பட்டனும் வரும், முன் பதிலின் அடாப்டரில் பின் 9க்கும் ஒரு டையோடு சேர்த்தால்.

கொமடோரில் பின் 9 பேடிலைப் படிக்கும் லைன். அதில் எவ்வளவு வேகமாக மின்சாரம் ஏறுகிறது என்பதை ஒலிச் சிப்பான சிட் அளக்கிறது. ஒன்றும் இணைக்காவிட்டால் 255. கிரவுண்டில் கட்டினாலும் ஏறவே ஏறாது, அதே 255. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் பட்டன் 9ஐ +5 வோல்ட்டோடு, அதாவது 7ஆம் பின்னோடு சேர்க்க வேண்டும். அதுவும் இரண்டாவது பட்டனைத் தேடும்படி எழுதிய விளையாட்டுகளில் மட்டுமே பலிக்கும்.

ஜாய்ஸ்டிக் நல்லா இருக்கு, ஆட்டோஃபயர் மட்டும் வரலை.

ஆட்டோஃபயர் (தானாகத் திரும்பத் திரும்பச் சுடும் வசதி) சர்க்யூட்டுக்குப் பின் 7இல் +5 வோல்ட் வேண்டும். சிபிசி, பிளஸ் 2 போர்ட்டுகளில் அந்த மின்சாரமே கிடையாது. எம்எஸ்எக்ஸில் அது 5ஆம் பின்னில் இருக்கிறது. எக்ஸ்டென்ஷனில் 7 விடுபட்டிருந்தாலும் இதே அறிகுறிதான்.

போர்ட் 1ல ஜாய்ஸ்டிக்கை ஆட்டினா 64ல எழுத்து அடிக்குது. எங்கேயோ ஷார்ட்டா?

இல்லை. கீபோர்டும் அதே லைனில்தான் என்று மேலே சொன்னோமே, அதுதான். போர்ட் 1இல் ஃபயர் அமுக்கினால் ஸ்பேஸ், மேல் என்றால் 1, வலது என்றால் 2, இடது என்றால் கன்ட்ரோல் விசை. போர்ட் 2க்கு மாற்றுங்கள்.

அமிகா மவுஸை அடாரி எஸ்டில போட்டா அம்புக்குறி கோணலா ஓடுது.

இரண்டும் ஒரே தத்துவம்: ஒவ்வொரு அச்சுக்கும் இரண்டு துடிப்பு லைன், எது முந்துகிறது என்பதை வைத்துத் திசை. அமிகாவில் பின் 1ம் 3ம் செங்குத்து, 2ம் 4ம் கிடை. எஸ்டியில் 1ம் 2ம் கிடை, 3ம் 4ம் செங்குத்து. ஆகவே 1ஐயும் 4ஐயும் ஒன்றுக்கொன்று மாற்றினால் போதும். பட்டன்கள் 6, 9, மின்சாரம் 7, கிரவுண்ட் 8 அப்படியே இருக்கட்டும். அடாப்டர் போட்ட பிறகு ஓர் அச்சு மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினால் அந்த அச்சின் இரு ஒயர்களை இடம் மாற்றுங்கள்.

ஆரம்பகால மேக் மவுஸும் ஒன்பது பின், அதே துடிப்பு முறை. ஆனால் +5 வோல்ட் பின் 2இல், கிரவுண்ட் 1இல். ஒயர் மாற்றாமல் செருகவே கூடாது.

அதே மவுஸ் கொமடோர் 64க்கும் ஆகுமா?

ஒயர் மாற்றினால் மட்டும் ஆகாது. கொமடோரின் 1351 மவுஸ் துடிப்பு அனுப்புவதில்லை; பேடில் போல நடித்து, சிட் சிப் அளக்கும் எண்ணாகத் தன் இடத்தைச் சொல்கிறது. நடுவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் தேவை.

பேடில், அனலாக் ஜாய்ஸ்டிக் பாதி தூரம்தான் போகுது. என்ன காரணம்?

ஓம் அளவு பொருந்தவில்லை. அடாரி பேடில் 1 மெகா ஓம், கொமடோர் பேடில் 470 கிலோ ஓம், ஆப்பிள் டூ 150, பிசி கேம் போர்ட் 100. அடாரி பேடிலைக் கொமடோரில் போட்டால் பாதிச் சுற்றிலேயே எல்லைக்குப் போய் நின்றுவிடும். பொட்டன்ஷியோமீட்டருக்கு (திருகினால் ஓம் அளவு மாறும் பாகம்) இணையாக 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டால் உச்சம் 500 கிலோ ஓம் ஆகும். ஓட்டம் சீராக இருக்காது, ஆடலாம்.

பிசி ஜாய்ஸ்டிக்கை ஆப்பிளில் போட்டால் இதற்கு நேரெதிர்: மூன்றில் இரண்டு பங்கில் நின்று, கணினி படிக்கும் எண் 170ஐத் தாண்டாது (முழு அளவு 255). ஒவ்வொரு அச்சு லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 நானோஃபாரட் கெபாசிட்டர் போட்டால் போர்டிலுள்ள 22ஓடு சேர்ந்து கணக்கு ஏறத்தாழ நேராகும். பட்டன்களையும் மாற்ற வேண்டும்: பிசியில் அவை கிரவுண்டுக்கு இழுப்பவை, ஆப்பிளில் +5 வோல்ட்டோடு சேர்ப்பவை. பிபிசி மைக்ரோவின் கதை வேறு. அது ரெசிஸ்டன்ஸை அளக்காமல் வோல்டேஜை அளக்கிறது. இரண்டு ஒயர் மட்டும் இழுத்த பிசி ஜாய்ஸ்டிக்கைத் திறந்து பொட்டன்ஷியோமீட்டரின் மூன்றாவது காலுக்கும் ஒயர் கொடுக்க வேண்டும்.

பெரிய வட்ட பிளக் கீபோர்டை பிஎஸ்/2க்கு மாத்தலாமா? மாத்தியும் சில கீபோர்டு ஓடலையே?

ஐந்து பின் டின் பிளக்கில் 1 கிளாக், 2 டேட்டா, 4 கிரவுண்ட், 5 +5 வோல்ட். பிஎஸ்/2 சிறு பிளக்கில் இவை முறையே 5, 1, 3, 4. நான்கு ஒயர் போதும். கவனிக்க: டின் பிளக்கில் எண்கள் வரிசையாக இல்லை, வளைவில் 1, 4, 2, 5, 3 என்று போகும்.

ஓடாதவை எக்ஸ்டி கீபோர்டுகள், அதாவது முதல் தலைமுறை ஐபிஎம் பிசி வகை. பிளக்கும் பின்னும் அடுத்த தலைமுறையான ஏடி வகை போலவே. பேசும் முறை வேறு. ஏடி இருவழி, எக்ஸ்டி ஒருவழி, விசைக் குறியீடுகளும் வேறு. அடியில் எக்ஸ்/ஏ சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாற்றி எழுதும் மைக்ரோகன்ட்ரோலர்தான் வழி. அமிகா 2000 கீபோர்டும் இதே பிளக், அதன் மொழி இரண்டிலும் சேராது.

பச்சை, ஊதா நிற பிஎஸ்/2-யுஎஸ்பி குமிழ் ஏன் பழைய கீபோர்டுக்கு வேலை செய்யலை?

அதற்குள் ஒயர் மட்டுமே இருக்கிறது. இரண்டு மொழியும் தெரிந்த சாதனங்களோடு விற்ற குமிழ் அது. பிஎஸ்/2 மட்டும் தெரிந்த கீபோர்டுக்கு சிப் வைத்த மாற்றி வாங்க வேண்டும்.

பழைய மேக் கீபோர்டுக்கு டெலிபோன் ரிசீவர் சுருள் ஒயர் சரியா பொருந்துதே?

பொருந்தும், அதனால்தான் ஆபத்து. ரிசீவர் சுருளில் ஒயர்கள் முனைக்கு முனை தலைகீழாக இருக்கும். மேக்கின் ஒயர் நேரானது. 1 கிரவுண்ட், 4 +5 வோல்ட் என்பதால், மாற்றிப் போட்டால் கீபோர்டுக்கு மின்சாரம் எதிர்மாறாகப் போகும். ரிசீவர் ஒயரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் ஒரு முனையை வெட்டி, புது பிளக்கை நேராகக் கிரிம்ப் செய்யுங்கள்.

1986க்குப் பிந்தைய ஏடிபி (ஆப்பிளின் கீபோர்டு, மவுஸ் இணைப்பு முறை) வகைக்கு எஸ்-வீடியோ கேபிள் தாராளமாக ஆகும், அதே நான்கு பின் சிறு பிளக்.

கணினி ஓடிக்கிட்டு இருக்கும்போது கழற்றி மாட்டலாமா?

அணைத்துவிட்டு மாட்டுங்கள். ஏடிபியில் இது போர்ட்டையே கொன்றுவிடக்கூடும். கொமடோரில் திறந்து கிடக்கும் பின்களை விரலால் தொட்டால் உடம்பின் நிலைமின்சாரம் நேராக சிஐஏ சிப்புக்குள் போகும்.

மைக்ரோகன்ட்ரோலர் வெச்சு யுஎஸ்பி கேம்பேடை 64ல ஓட்டப் போறேன். எதைக் கவனிக்கணும்?

லைனை ஒருபோதும் 'ஹை'க்கு ஓட்டாதீர்கள். காரணம் மெகா டிரைவ் பதிலில் இருக்கிறது. பட்டன் அமுக்கினால் அந்தப் பின்னை அவுட்புட் ஆக்கி 'லோ' கொடுங்கள்; விட்டால் இன்புட் ஆக்கிவிடுங்கள், உள் புல்-அப் (லைனை மேலே இழுக்கும் ரெசிஸ்டர்) இல்லாமல். ஆர்டுயினோ நிரலில் முதலில் 'லோ' எழுதிவிட்டு, அதன்பின் பின்னின் முறையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் போதும். 3.3 வோல்ட் போர்டு என்றால் லைன்களுக்கு நடுவே டிரான்சிஸ்டரோ, கீழே மட்டும் இழுக்கும் ஓபன்-கலெக்டர் பஃபரோ வையுங்கள். கேம்பேடுக்கான மின்சாரத்தைப் போர்ட்டின் 50 மில்லியாம்பிலிருந்து எடுக்காமல் தனி யுஎஸ்பி சார்ஜரிலிருந்து கொடுத்து, கிரவுண்டை மட்டும் பொதுவாக்குங்கள். சார்ஜரின் +5ஐக் கணினியின் 7ஆம் பின்னோடு சேர்க்க வேண்டாம்.

எதிர்த்திசை, அதாவது பழைய ஜாய்ஸ்டிக்கைப் புதுக் கணினியில் ஓட்டுவது, இதைவிட எளிது. ஏடிமெகா32யு4 போர்டு ஒன்று, உள் புல்-அப் போட்ட ஐந்து இன்புட், ஒரு கிரவுண்ட். சுவிட்ச் துள்ளலுக்கு 5 மில்லிசெகண்ட் காத்திருந்து படியுங்கள்.